கொஞ்சம் பூச்சி இருக்கட்டும்

புதிதாக நெல் வைக்கிற பிள்ளைகளுக்கு வரப்பில் நின்று சொல்வதை இங்கே வரிசையாக எழுதித் தருகிறேன். காவிரி டெல்டாவின் நடவு வயலை மனத்தில் வைத்துச் சொன்னது. தோட்டக்கால் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள சேதி ஒன்றுதான். பூச்சியே இல்லாத வயல் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பூச்சி கொஞ்சம் இருந்தால்தான் அதைத் தின்கிறவை தங்கும். அவை தங்கினால்தான் பூச்சி கொஞ்சமாகவே இருக்கும்.

1. கடைக்குப் போகுமுன் வயலில் இறங்குங்கள்

வரப்பில் நின்றால் பயிரின் தலை மட்டும்தான் தெரியும். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இருப்பதோ தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. அதைத் தின்கிற சிலந்தியும் அங்கேதான் இருக்கும். காலை வெயில் ஏறுமுன் இறங்கி, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடங்கள். வழியில் 20 குத்துகளில் நின்று பாருங்கள். குத்தைச் சாய்த்து அடித்தூரை இரண்டு தட்டு தட்டினால் ஒளிந்திருப்பவை தண்ணீரில் விழும். மிதப்பது, ஓடுவது, துள்ளுவது எல்லாவற்றையும் எண்ணுங்கள். வாரம் ஒரு முறை போதும். தூர் கட்டிய பிறகு இரண்டு முறை பாருங்கள்.

2. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்

இடப்பக்கம் பயிரைத் தின்பவை, வலப்பக்கம் அவற்றைத் தின்பவை. இடப்பக்கத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கடைக்குப் போனால் கையில் புட்டியோடுதான் திரும்புவீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்துவிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். 20 தூர் கட்டிய குத்தில் ஒரே ஒரு சிலந்தியை நம்பி, இன்னும் 20 புகையானைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதன் வேலைக்குப் போட்ட மதிப்பு அது.

3. முதல் போகத்தில் ஐந்தாறு முகங்களைப் பழகுங்கள்

எல்லாப் பூச்சியின் பெயரும் தெரிய வேண்டியதில்லை. இவற்றை மட்டும் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஓநாய்ச் சிலந்தி: வலை கட்டாது. தண்ணீர் மேலும் தூரிலும் ஓடி ஓடிப் பிடிக்கும். நாளைக்கு 5 முதல் 15 தத்துப்பூச்சி வரை தின்னும். தாய் தன் முட்டைப் பையை உடலின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். முதுகு மொய்த்த சிலந்தியைக் கண்டால் அந்த வயல் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம்.

நீண்ட தாடைச் சிலந்தி: இலையோடு இலையாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும். பயிருக்கு மேலே வலை கட்டி அந்துப்பூச்சிகளையும் தத்துப்பூச்சிகளையும் பிடிக்கும். காலையில் பனி நின்ற வலைகளை எண்ணினாலே கணக்குக் கிடைத்துவிடும்.

பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி: புகையான் தன் முட்டையைத் தூரின் உறைக்குள் செருகி வைக்கும். அங்கே போய் உறிஞ்சுகிற ஆள் இது. புகையான் பெருகும்போது பின்னாலேயே இதுவும் பெருகும்.

பொறிவண்டு, தரைவண்டு: பொறிவண்டு அசுவினியையும் தத்துப்பூச்சியின் குஞ்சுகளையும் தின்னும். தரைவண்டு, இலைச்சுருட்டுப் புழு மடித்த இலைக்குள்ளேயே நுழைந்து புழுவைத் தின்னும்.

தட்டானும் ஊசித்தட்டானும்: தட்டான் மேலே பறந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். ஊசித்தட்டான் குத்துகளுக்கு இடையில் தாழப் பறந்து தத்துப்பூச்சியைப் பிடிக்கும். இரண்டின் குஞ்சுகளும் தண்ணீருக்குள் வேட்டையாடுபவை.

செம்மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, எறும்பு போல நீளமாக ஓடும் ஒரு வண்டும் உண்டு. நல்ல வேட்டைக்காரன், ஆனால் தோலில் வைத்து நசுக்கிவிடாதீர்கள். அதன் உடலில் உள்ள நீர் பட்ட இடம் வெந்து கொப்புளமாகிவிடும். கழுத்தில் ஏறினால் ஊதித் தள்ளுங்கள்.

4. நண்பனைப் பகையென்று கொல்லாதீர்கள்

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வளர்ந்த பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். அதன் புழு கறுத்து, முள்முள்ளாக, ஆறு காலோடு ஊர்ந்து வரும்போது பயிரைத் தின்ன வந்ததென்று நசுக்கிவிடுகிறார்கள். தின்பதில் தாய் வண்டுக்குச் சளைத்ததல்ல அந்தப் புழு. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டின் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். சற்றுப் பெரிதாக இருந்து வேகமாக ஓடினால் அதை விட்டுவிடுங்கள். பச்சை மிரிட்டையும் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைப்பவர்கள் உண்டு.

புழுவின் உடலிலோ பக்கத்திலோ சிறு சிறு வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவை புழுவின் முட்டைகள் அல்ல. புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகளின் கூடு அது. அந்தப் புழு இனிப் பிழைக்காது, கூட்டோடு விட்டுவிடுங்கள். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. ஊதி, பழுப்பாகி, முதுகில் ஓட்டை விழுந்த அசுவினியும் குளவியின் கைவேலைதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கத்தரிச் செடியில் மங்கலான நிறத்தில், மெல்லிய ரோமத்தோடு, 28 புள்ளியோ 12 புள்ளியோ போட்ட வண்டு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தால் அது பயிர் தின்னிதான். பொறிவண்டின் இனம் என்று பார்க்க வேண்டாம். இலை சல்லடையாகியிருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

5. கண்ணுக்குத் தெரியாதவர்களை நம்பப் பழகுங்கள்

குருத்துப்பூச்சியின் தாய் அந்து, இலை நுனியருகே முட்டைக் குவியலை இட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். அந்த மூடியையும் தாண்டி உள்ளே போய்த் தன் முட்டையை வைக்கும் குளவிகள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வயலில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே குவியலைக் கிள்ளி எடுத்ததும் நசுக்கவோ எரிக்கவோ வேண்டாம். மூங்கில் கூண்டில் போட்டு வயலில் நட்டு வையுங்கள். பொரித்த புழு பயிரை எட்ட முடியாமல் செத்துப்போகும். குளவி பறந்து போய் அடுத்த குவியலைத் தேடும். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளினால், கிள்ளியதையும் இதே கூண்டில் போடலாம்.

6. முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கினால் முறைப்படி கட்டுங்கள்

டிரைக்கோகிரம்மா என்ற முட்டைக் குளவியின் அட்டை மாயமந்திரம் இல்லை. அந்து பறந்து முட்டையிடுகிற நாளில் குளவி வயலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் வகை, நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு கைலோனிஸ் வகை, 37, 44, 51ஆம் நாட்களில். ஒவ்வொரு தடவையும் எக்டருக்கு 5 சிசி. ஏக்கருக்கு 2 சிசி. அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக, இலையின் அடிப்பக்கம் நிழலில் கட்டுங்கள். வெயிலில் காயக் கூடாது. வண்டிப் பெட்டியில் வைத்துச் சுற்றவும் கூடாது. அட்டையில் உள்ள முட்டைகள் கறுத்திருந்தால் உள்ளே குளவி இருக்கிறதென்று அர்த்தம். கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மருந்து தெளித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு வீண்.

7. நட்ட 40 நாள் வரை கையைக் கட்டுங்கள்

இலை சுருண்டு வெளுத்திருப்பதைக் கண்டால் மனம் பதைக்கும், தெரிகிறது. இளம்பயிர் புது இலை விட்டும் புதுத் தூர் கட்டியும் அந்த இழப்பைச் சரிக்கட்டிவிடும். வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம் வரை பொறுக்கலாம் என்பதுதான் இலைச்சுருட்டுப் புழுவுக்கான வரம்பு. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைக்கு அது 5 சதவீதமாகக் குறையும். குருத்துக் காய்தலுக்கும் வளர்ச்சிப் பருவத்து வரம்பு 10 சதவீதம்தான். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990களில், முதல் 40 நாள் இலைப்புழுவுக்குத் தெளிக்காதீர்கள் என்று வானொலி நாடகம் போட்டே சொன்னார்கள். கேட்டு நடந்தவர்களுக்கு விளைச்சல் குறையவில்லை. தெளிப்புச் செலவுதான் குறைந்தது. வயலில் சிலந்தியும் குளவியும் குடியேறும் காலம் இந்த 40 நாள். அப்போது தெளித்தால் அவை வந்த வழியே திரும்பிவிடும்.

8. தெளித்த பிறகு யார் முதலில் திரும்புவார் என்று கணக்குப் போடுங்கள்

மருந்து வெளியே இருக்கும் புகையானைக் கொல்லும். சிலந்தியையும் மிரிட்டையும் கொல்லும். தூரின் உறைக்குள் செருகிய முட்டையைத் தொடாது. பத்து நாளுக்குள் அந்த முட்டைகள் பொரியும். தின்ன ஆளில்லாத வயலில் குஞ்சுகள் விழும். ஒரு தாய்ப் புகையான் சில நூறு முட்டை இடும்; ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். ஓநாய்ச் சிலந்தி நிதானமாக வளர்ந்து பெருகுகிற ஜாதி. அது மறுபடி நிறைவதற்குள் வயல் வட்ட வட்டமாகப் புகைந்துவிடும். பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இந்தோனேசியாவில் ஒரு நாடே இந்தக் கணக்கைப் போட்டது. மானியத்தில் மருந்தை வாரிக் கொடுக்கக் கொடுக்கப் புகையான் பெருகியது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மானியத்தையும் நிறுத்தியது. உழவர்களை வயலில் இறக்கிச் சிலந்தியை எண்ணக் கற்றுக்கொடுத்தது. நெல் உற்பத்தி சரியவில்லை.

9. நண்பனுக்குச் சாப்பாடு போடுங்கள்

நட்டவுடன் வயலில் புகையானும் இருக்காது, புழுவும் இருக்காது. அப்போது சிலந்தி எதைத் தின்னும்? மக்கிய தழையையும் சாணத்தையும் தின்று தண்ணீரில் வளர்கிற கொசு மாதிரி ஈக்கள் உண்டு. கடிக்காது, பயிரைத் தொடாது. மண்ணில் துள்ளும் நுண்பூச்சிகளும் உண்டு. நல்லதும் அல்லாத கெட்டதும் அல்லாத இந்தக் கூட்டம்தான் சிலந்தியின் முதல் மாதச் சோறு. வேலைக்கு ஆள் வைத்தால் வேலை இல்லாத நாளிலும் சாப்பாடு போட்டால்தான் அவன் நிலைப்பான். தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும், தொழுவுரம் போடுவதும், வைக்கோலைக் கொளுத்தாமல் விடுவதும் மண்ணுக்கு மட்டும் செய்வதல்ல. புகையான் வருவதற்கு முன்பே சிலந்தியைச் சேர்த்து வைக்கிற வேலையும் அதுதான்.

10. வரப்பை மொட்டையடிக்காதீர்கள்

அறுவடையும் உழவும் வந்தால் வயலில் இருப்பவை ஓடி ஒளியும் இடம் வரப்புதான். அங்கே உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். தட்டைப்பயறில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அந்த அசுவினி நெல்லுக்குப் போகாது. எள்ளும் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் ஓரத்தில் பூத்தால் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். தேன் குடித்த குளவி கூடுதல் நாள் உயிரோடிருந்து கூடுதல் முட்டைகளைத் தேடும். உழும் நாளில் ஆங்காங்கே வைக்கோல் கட்டு போட்டு வைத்தால் சிலந்திகள் அதில் ஏறிக்கொள்ளும். நடவு முடிந்ததும் அந்தக் கட்டுகளை வயலுக்குள் கொண்டுபோய் வைக்கலாம்.

ஒன்றை மட்டும் வெட்டுங்கள். கதிர் விட்ட புல். கதிர்நாவாய்ப்பூச்சி நெல் பால் பிடிக்கும்வரை அந்தப் புல்லில்தான் காத்திருக்கும்.

11. யூரியாவைப் பார்த்துப் போடுங்கள்

தழைச்சத்து மிஞ்சிய பயிரில் சாறு மிகுந்து, புகையானும் இலைச்சுருட்டும் வேகமாகப் பெருகும். எத்தனை சிலந்தி இருந்தாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பிரித்துப் பிரித்துப் போடுங்கள். நடும்போது எட்டடிக்கு ஒரு அடி நடாமல் இடைவெளி விடுங்கள். வெளிச்சமும் காற்றும் அடித்தூர் வரை போகும். புகையான் தலைகாட்டினால் தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள்.

12. பொறி வைத்தால் அதில் விழுந்ததையும் பாருங்கள்

விளக்குப்பொறி அந்தை மட்டும் இழுப்பதில்லை. மிரிட்டும் வண்டும்கூட வந்து விழும். முன்னிரவில் எரித்து 10 மணிக்குள் அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையில் குளவியும் பொறிவண்டும் சிக்கும். பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாலு அட்டை வைத்தால் போதும்; தோரணம் கட்ட வேண்டாம்.

13. வீட்டில் காய்ச்சியது என்பதற்காகத் தெளித்துவிடாதீர்கள்

புகையிலைக் கசாயம் நம் வீட்டு அடுப்பில் கொதித்தாலும் நஞ்சுதான். எதிரி, நண்பன் என்று பார்க்காது. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு சிலந்திக்கு அவ்வளவு தீங்கு செய்யாது. அதையும் நோட்டைப் பார்த்துத் தேவைப்பட்டால்தான் தெளிக்க வேண்டும். கிழமை வைத்துத் தெளிப்பது ரசாயனமானாலும் மூலிகையானாலும் ஒரே பழக்கம்தான்.

14. வெளிநாட்டுப் பூச்சி வந்தால் வழி வேறு

பிறந்த மண்ணில் ஒரு பூச்சிக்கு எதிரிகள் இருப்பார்கள். புது நாட்டுக்கு அது தனியாக வந்து சேரும்போது தட்டிக் கேட்க ஆளிருக்காது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெளுத்தன. எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியை அரசு மூலம் வரவழைத்து, பெருக்கி விட்டார்கள். அது பரவியதும் பூச்சி அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு 2022இல் அனகைரஸ் லோபேசி என்ற குளவியை வயலில் விட்டார்கள். பொள்ளாச்சித் தென்னையில் 2016இல் கண்ட சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி எதிரியாக அமைந்தது. குளவி பிடித்த கூட்டுப்புழுக்கள் இருக்கும் ஓலைத் துண்டுகளை இன்னொரு தோப்பில் கொண்டுபோய்க் கட்டலாம். எங்கிருந்தோ ஒரு பூச்சியைத் தனியாளாக வாங்கி விடுகிற வேலை மட்டும் வேண்டாம்; அது ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பு. குளவி விட்ட தோட்டத்தில் தெளிக்காமல் இருப்பதுதான் உங்கள் பொறுப்பு.

15. நண்பர்களால் ஆகாததையும் தெரிந்துவையுங்கள்

துங்ரோ நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி சிலவே இருந்தாலும் பரப்பிவிடும். சிலந்தி தின்று முடிப்பதற்குள் நோய் ஏறியிருக்கும். அங்கே எதிர்ப்புத் திறனுள்ள ரகமும் நாற்றங்காலைக் காப்பதும்தான் வழி. ஆனைக்கொம்பன் தாக்கிய தூர் கொம்பாகிவிட்டால் அந்தத் தூர் போனதுதான். புகையான் வரம்பைத் தாண்டி, சிலந்தியும் இல்லையென்று நோட்டு சொன்னால் வீம்பு பிடிக்காமல் தெளியுங்கள். வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் சிலந்திக்குக் குறைந்த தீங்கு செய்கிற மருந்தாக எடுங்கள். புகைந்த வட்டத்துக்கும் அதன் ஓரத்துக்கும் மட்டும், அடித்தூரில் படும்படி தெளியுங்கள். வயல் முழுக்கத் தேவையில்லை.

16. பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சிலந்திக் குஞ்சு நூல் விட்டுக் காற்றில் மிதந்து வயல் விட்டு வயல் போகும். குளவிக்கு உங்கள் வரப்பும் அவர் வரப்பும் ஒன்றுதான். நீங்கள் வளர்த்தது அவரிடம் போய்ச் சாகும். அவர் கலைத்துவிட்ட புகையான் உங்களிடம் வந்து இறங்கும். அதனால் தனியாகச் செய்தால் பாதிப் பலன்தான். அவரிடம் போய் வாதம் செய்யாதீர்கள். முதல் போகத்தில் ஒரு கால் காணியை மட்டும் தெளிக்காமல் விட்டு, வாரந்தோறும் எண்ணி எழுதுங்கள். அறுத்து முடித்ததும் தெளித்த வயலின் மூட்டைக் கணக்கையும் மருந்துச் செலவையும் தெளிக்காத வயலின் கணக்கோடு அவர் முன்னால் வைத்துக் கூட்டிப் பாருங்கள். அடுத்த பட்டத்துக்கு அவரும் ஒரு நோட்டு வாங்கினால், இரண்டு பேரும் ஒரே காலையில் இறங்கி எண்ணுங்கள்.